ரெண்டு நிலாவும் ஒரு எஃப் கார்டும்

2024 மே மாசக் கடைசி நாள் சாயங்காலம், ஒரு சால்வை, ஒரு சந்தன மாலை, ஒரு சுவர்க்கடிகாரம் சகிதம் எங்கப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தாரு. 37 வருஷ பேங்க் வேலை முடிஞ்சுது. கடிகாரத்தை எங்கே மாட்டலாம்னு அவர் சுவத்தைப் பார்த்துட்டு நின்னப்போ அம்மா கேட்டாங்களாம், "இனிமே மணி பார்த்து என்ன பண்ணப் போறீங்க?"

அம்மா சும்மாதான் கேட்டாங்க. ஆனா அடுத்த ரெண்டு மாசம் அந்தக் கேள்விக்கு வீட்டுல யார்கிட்டயும் பதில் இல்ல. அப்பா பேப்பர்ல டெண்டர் விளம்பரம் வரைக்கும் படிச்சாரு. கீரைக்கார அம்மாகிட்ட கட்டு எவ்ளோன்னு கேட்டு, வாங்காம உள்ளே வந்தாரு. ஃபிரிட்ஜைத் திறந்து எது எப்போ வாங்கினதுன்னு தணிக்கை பண்ணினாரு. பெங்களூருல பொட்டி தட்டிட்டு இருக்கிற எனக்கு தினமும் மத்தியானம் அம்மாகிட்டேருந்து போன். "இந்த மனுஷனுக்கு ஏதாவது ஒரு வேலை வாங்கிக் குடுடா." நமக்கே ஆபீஸ்ல புடுங்கற ஆணி நிலைக்குமான்னு தெரியல, இதுல அப்பாவுக்கு வேற வேலையா!

அந்த ஆடி மாசம் திருச்சிக்குப் போயிருந்தப்போ, என்னோட பழைய மார்க் ஷீட் தேடி இரும்புப் பெட்டியைக் கவுத்தேன். அதுல ஒரு போட்டோ. கோயில் திருவிழா மேடை, குழல் விளக்கு, பின்னாடி சீலைத் துணி. ஓரமா பெரிய காலர் சட்டையும் நிறைய முடியுமா ஒரு ஒல்லிப் பையன், கையில கிடாரு. பின்பக்கம் 1985னு எழுதியிருந்துச்சு.

அப்பா ஒரு காலத்துல கிடார் வாசிச்சாருங்கிறது தெரியும். ஆனா எங்க வீட்டுல அது 'தாத்தா சிங்கப்பூர் போயிட்டு வந்தாரு'ங்கிற மாதிரி ஒரு தகவல், அவ்ளோதான். அன்னிக்குத்தான் உட்காந்து கேட்டேன். காலேஜ் ரெண்டாவது வருஷம், 1983ல, உறையூர்ல ஒரு மெல்லிசைக் குழுவுல சேர்ந்திருக்காரு. (குழுவோட பேரைச் சொன்னா அந்தக் காலத்து திருச்சிக்காரங்க யாராவது கண்டுபிடிச்சுருவாங்க. அப்பா என்னைத் தொலைச்சுருவாரு. வேண்டாம்.) சமயபுரம் பக்கம், லால்குடி பக்கம், கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழான்னு நாலு வருஷம். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடிய ரெண்டு மணிக்கு முடியுமாம். கிடார் கல்கத்தாவுல செஞ்ச கிவ்ஸன். கிப்ஸன் இல்லீங்க, கிவ்ஸன். அதுவும் குழுவோட சொத்து. கச்சேரி முடிஞ்சதும் உறையோட திருப்பிக் குடுத்துரணும்.

அவங்க பாட்டுக் கத்துக்கிட்ட விதத்தைக் கேட்டா நமக்கெல்லாம் வெக்கமா இருக்கும். நெட் கிடையாது, நோட்ஸ் கிடையாது. ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு கேசட். நாலு செகண்டு கேக்கணும், நிறுத்தணும், பின்னாடி ஓட்டணும், திரும்பக் கேக்கணும். அந்த டேப் ரெக்கார்டர் கொஞ்சம் வேகமா ஓடற ஜாதியாம். டேப் வேகமா ஓடினா சுருதியும் மேலே ஏறிரும் இல்லையா, இவங்க அதையே நம்பி எல்லாப் பாட்டையும் ஒசத்திக் கத்துக்கிட்டு மேடை ஏறியிருக்காங்க. பாடகர் உச்சத்துல தொண்டை கிழியக் கத்தினப்புறம்தான் விஷயம் வெளியே வந்துச்சாம்.

"ரெண்டு நிலாவும் வாசிச்சுட்டா நீ கிடாரிஸ்ட்டு. அதான் அப்ப கணக்கு"ன்னாரு அப்பா. ஒரு நிலா 1980ல 'மூடுபனி'க்காக யேசுதாஸ் பாடினது. இன்னொரு நிலா 1982ல 'பயணங்கள் முடிவதில்லை'க்காக எஸ்.பி.பி. பாடினது. ரெண்டுமே இளையராஜா. எந்தப் பாட்டுன்னு உங்களுக்கே தெரியும். இசையமைப்பாளர் ஆகறதுக்கு முன்னாடி ராஜாவே ஜி.கே.வெங்கடேஷ்கிட்ட கிடார் வாசிச்சவரு, அதனால அவர் பாட்டுல கிடாருக்குன்னு ஒரு தனி மரியாதை இருக்கும். ரெண்டாவது நிலாவுல அந்தக் கிடாரை வாசிச்சது சந்திரசேகர்ங்கிறவர். அப்பாவுக்கு இது நான் சொல்லித்தான் தெரியும். அப்பல்லாம் பக்கவாத்தியக்காரங்க பேரை யார் போட்டாங்க? "நாப்பது வருஷமா அது யாரு கைன்னே தெரியாம கும்பிட்டுக்கிட்டு இருந்திருக்கேன் பாரு"ன்னு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு.

"அப்புறம் ஏன்ப்பா விட்டீங்க?"

சத்தியமா சொல்றேன், இந்த இடத்துல ஒரு தியாகக் கதையை எதிர்பார்த்தேன். தங்கச்சி கல்யாணத்துக்கு கிடாரை வித்தேன், தாத்தா கிடாரைப் போட்டு ஒடைச்சாருன்னு ஏதாவது. நம்ம சினிமா புத்தி. அப்பா சிரிச்சாரு. "யாரும் நிறுத்தச் சொல்லலடா. 87ல வேலை கெடைச்சுது. புதுக்கோட்டை தாண்டி ஒரு கிராமத்துக் கிளை. சனிக்கிழமையும் பேங்க் உண்டு. ஒரு கச்சேரிக்கு வர முடியல, ரெண்டாவதுக்கு வர முடியல, மூணாவதுக்கு அவங்க கூப்பிடல. அவ்வளவுதான்." கிடார்தான் குழுவோடதாச்சே, திருப்பிக் குடுத்துட்டு வந்தாச்சு. அப்புறம் சொந்தமா ஒண்ணு வாங்கணும்னு 37 வருஷத்துல ஒரு தடவை கூடத் தோணலையான்னு கேட்டேன். "தோணுச்சு"ன்னு மட்டும் சொன்னாரு.

பெங்களூரு திரும்பின அன்னிக்கு ராத்திரியே ஆன்லைன்ல ஒரு கிடார் ஆர்டர் போட்டேன். எப்படித் தேர்ந்தெடுத்தேன்னு கேளுங்க. நாலரை ஸ்டாருக்கு மேலே, விலை பட்ஜெட்டுக்குள்ளே, கலர் அழகா. பிரஷர் குக்கர் வாங்கற மாதிரி. இது பின்னாடி வரும், ஞாபகம் வெச்சுக்குங்க.

கிடார் வந்த அன்னிக்கு வீடியோ கால்ல பார்த்தேன். அப்பா அதை மடியில வெச்சுக்கிட்ட விதத்துலயே தெரிஞ்சுது, உடம்புக்கு மறக்கல. காதுக்கும் மறக்கல. டியூனர் ஆப் இருக்குப்பான்னு நான் சொல்லிட்டு இருக்கும்போதே ஆறு கம்பியையும் கூட்டிட்டாரு. அப்புறம் நெட்லேருந்து ரெண்டாவது நிலாவோட கார்டு எல்லாம் எடுத்து அனுப்பினேன். (கார்டுன்னா ரேஷன் கார்டு இல்லீங்க. மூணு நாலு ஸ்வரத்தைச் சேர்த்து ஒண்ணா மீட்டறது.) பார்த்துட்டு, "மூணாவது தப்பா போட்டிருக்கான்"ன்னாரு. திரும்பப் பாட்டைப் போட்டுக் கேட்டா, ஆமா, தப்பு. வாசிச்சு நாப்பது வருஷம் ஆச்சு.

மறந்தது கை மட்டும்தான். அதுலயும் எஃப் கார்டு. கிடார் பக்கம் போன எல்லாருக்கும் தெரியும், பாதிப் பேர் அதோடதான் கிடாரைப் பரண்ல போடுவாங்க. ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்ல குறுக்கே படுக்கப் போட்டு ஆறு கம்பியையும் ஒரே சீரா அழுத்தணும், மீதி மூணு விரலும் அதே நேரத்துல வேற வேலை பார்க்கணும். அப்பா வாசிச்சா ரெண்டு கம்பி பேசும், நாலு கம்பி 'டப் டப்'னு தட்டும். சரின்னு கீழ் நாலு கம்பியில மட்டும் பிடிக்கிற சின்ன எஃப் பிடிச்சாரு. அதுவும் சரியா வரல. விரல் நுனியெல்லாம் செவசெவன்னு.

இதுல ஒரு கூத்து. அப்பாவுக்கு 2012லேருந்து சுகர். வாரத்துல ரெண்டு நாள் வீட்டுலயே குத்திப் பார்ப்பாரு. எப்பவும் இடது கை மோதிர விரல்தான், ஏன்னா வலது கை கையெழுத்துப் போடற கை. இப்போ இடது கை விரல் நுனியில காய்ப்பு ஏற ஆரம்பிச்சதும் ஊசி குத்தினா ரத்தம் ஒழுங்கா வர மாட்டேங்குது, குத்தின இடத்துல கம்பி பட்டா உயிர் போகுது. அம்மாதான் தீர்ப்பு சொன்னாங்க. "வலது கையைக் குடுங்க. நான் குத்தறேன். கையெழுத்துதான் போட்டு முடிச்சாச்சே." அதுலேருந்து அம்மாதான் குத்தறாங்க, நுனியில இல்லாம பக்கவாட்டுல. முப்பது வருஷக் கோபத்துக்கு நல்ல வாய்ப்புன்னு நான் சொன்னதுக்கு ரெண்டு பேரும் சிரிக்கல.

இது வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் நான் உள்ளே பூந்தேன்.

எஞ்சினியரிங் படிச்சவன்கிட்ட எதையாவது குடுத்தா சும்மா இருப்பானா? ஒரு ஷீட் போட்டேன். தினமும் எத்தனை நிமிஷம், எந்தக் கார்டு, மெட்ரோனோம் எத்தனை வேகம். முடிச்சா பச்சை, முடிக்கலைன்னா சிவப்பு. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு கால். என் டேமேஜர் என்கிட்ட எப்படிப் பேசுவாரோ அதே குரல்ல அப்பாகிட்ட, "இந்த வாரம் நாலு நாள் சிவப்பா இருக்கேப்பா?" ஒரு தடவை மட்டும் சொன்னாரு, "37 வருஷம் டெபாசிட் டார்கெட், லோன் டார்கெட்னு பார்த்தாச்சு. இதுலயுமாடா?" நான் அதை ஜோக்குன்னு எடுத்துக்கிட்டேன்.

கம்பி ரொம்ப உசரத்துல இருக்கு, அழுத்த முடியலைன்னும் ஒரு தடவை சொன்னாரு. யூடியூப் பார்த்து, கழுத்துக்குள்ள போற இரும்புக் கம்பியை எப்படித் திருக்கணும்னு போன்லயே சொல்லிக் குடுத்தேன். திருக்கினாரு. ஒண்ணும் மாறல. "பழகப் பழக சரியாப் போயிரும்ப்பா, விரலுக்கு பலம் வரணும்"னு பெரிய வித்வான் மாதிரி சொன்னேன். அப்பாவும் "ஆமாமா, வயசாச்சுல்ல"ன்னு ஒத்துக்கிட்டாரு.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். ராத்திரி வெடிச் சத்தம் ஓய்ஞ்சப்புறம் அப்பா மொட்டைமாடியில உட்காந்து முதல் நிலாவை வாசிச்சுட்டு இருந்தாரு. தூரத்துல மலைக்கோட்டை விளக்கு. மெதுவாத்தான், திக்கித் திக்கித்தான், ஆனா பாட்டு இன்னதுன்னு தெரியுது. சத்தமில்லாம போனைத் தூக்கி ரெண்டு நிமிஷம் எடுத்தேன். எடுத்த கையோட குடும்ப வாட்ஸப் குரூப்புல போட்டேன். அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

காலையில பார்த்தா கைதட்டலும் இதயமுமா கொட்டிக் கிடக்கு. அத்தை, பெரியப்பா, கனடாவுல இருக்கிற சித்தி பையன், எல்லாரும். "இந்த வயசுலயும் என்ன ஒரு ஆர்வம்!" "ரிட்டயர்மெண்டுல சும்மா இருக்காம எதையாவது செய்யறாரு பாருங்க!" "மாமா கலக்கறீங்க!" யாருமே ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல. எனக்கு ஒரே பெருமை.

அப்பா காதுல ஹெட்செட் மாட்டிக்கிட்டு அந்த வீடியோவைக் கேட்டாரு. முடிஞ்சதும் திரும்பவும் கேட்டாரு. மூணாவது தடவையும் கேட்டாரு. அப்புறம் ஹெட்செட்டைச் சுருட்டி வெச்சுட்டு, "சாப்பிட என்ன இருக்கு?"ன்னு எழுந்து போயிட்டாரு.

அன்னிக்கு ராத்திரியே நான் பஸ் ஏறிட்டேன். ஞாயித்துக்கிழமை ஷீட்டைத் திறந்தா எல்லாமே காலி. செவ்வாய்க்கிழமை அம்மா போன்ல சொன்னாங்க, "அதை உறையில போட்டு பீரோ மேல வெச்சுட்டாருடா. நீ ஏதாவது சொன்னியா?" அப்பாகிட்ட பேசினேன். ரொம்பச் சுத்தி வளைச்சப்புறம்தான் விஷயம் வந்துச்சு. "ஆர்வத்துக்குப் போய் எவனாவது கைதட்டுவானாடா? சுருதிக்குத்தான் தட்டணும். எஃப் வர்ற எடமெல்லாம் சுருதி மேலே போகுது. நாராசமா இருக்கு. வாசிக்கிறப்ப சந்தேகமாத்தான் இருந்துச்சு, கேட்டப்பதான் உறுதியாச்சு. நான் வாசிச்சது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது நான் இல்ல."

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. காதுக்கு இன்னும் இருபத்தோரு வயசு, கைக்குத்தான் அறுபது. புதுசாக் கத்துக்கறவனுக்கு இந்தக் கஷ்டம் இல்ல, அவன் கை எவ்ளோ மோசமோ காதும் அவ்ளோ மோசம், ஜாலியா வாசிச்சுட்டே இருப்பான். திரும்பி வர்றவருக்கு ஒவ்வொரு தப்பும் தெளிவாக் கேக்கும். அதை அவர் மாடியில தனியா வெச்சு சமாளிச்சுட்டு இருந்தாரு. நான் அறுபது பேருக்கு ஒளிபரப்பிட்டேன். அழிக்கலாம்னு பார்த்தா, 'எல்லாருக்கும் அழி'ங்கிற வசதிக்கு ரெண்டரை நாள்தான் கெடு. அஞ்சு நாள் ஆயிருச்சு.

ஷீட்டை மட்டும் அழிச்சேன். மன்னிப்பெல்லாம் எங்க வீட்டுல கேட்டுப் பழக்கமில்ல.

டிசம்பர்ல போனப்போ கிடார் அதே பீரோ மேல, உறையில தூசி. "பெங்களூரு எடுத்துட்டுப் போறேன்ப்பா, கம்பி மாத்தணும்"னேன். "எடுத்துட்டுப் போ. நீ வேணா கத்துக்க"ன்னாரு. திருப்பிக் குடுக்கற தொனி. பழக்கப்பட்ட ஆளாச்சே.

கம்பி மாத்தறதுக்குன்னுதான் அந்தக் கடைக்குப் போனேன். மாடியில சின்ன ரூம், மரத்தூள் வாசனை, என் வயசுப் பையன் ஒருத்தர். கிடாரை வாங்கி ஒரு இரும்பு ஸ்கேலைப் பன்னெண்டாவது ஃப்ரெட் மேல நிறுத்தினாரு. தடிமனான கம்பி 4 மிமீ உசரத்துல நிக்குது. ரெண்டரை இருந்தா போதுமாம். அப்புறம் மூணாவது ஃப்ரெட்ல கம்பியை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு முதல் ஃப்ரெட் பக்கம் காட்டினாரு. அங்கே ஒரு காகிதம் நுழையற இடைவெளிதான் இருக்கணும். இதுல ஒரு ஏடிஎம் கார்டே போகும் போல இருந்துச்சு. தலைப்பக்கம் கம்பி உட்கார்ற நட்டுன்னு ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும், அதுல பள்ளத்தைச் சரியா ராவாமலே ஃபேக்டரியிலேருந்து அனுப்பியிருக்காங்க.

"இதை யாரு வாசிச்சது?"ன்னாரு.

"எங்கப்பா. அறுபது வயசு."

"இதுல எஃப் பிடிச்சாரா? பாவம்."

டியூனரை மாட்டிக் காட்டினாரு. கம்பியைச் சும்மா மீட்டினா சுருதி கச்சிதம். முதல் ஃப்ரெட்ல அழுத்தினா முள்ளு மேலே தாண்டுது, 15 சென்ட்டுக்கும் அதிகமா. பக்கத்துப் பக்கத்து ஃப்ரெட்டுக்கு நடுவுல இருக்கிற தூரத்தை நூறாப் பிரிச்சா ஒரு பங்குதான் ஒரு சென்ட். கம்பி உசரத்துல இருந்தா அதைக் கீழே கொண்டு வர ரொம்ப இழுத்து அழுத்தணும், இழுத்தா இறுக்கம் கூடும், இறுக்கம் கூடினா சுருதி ஏறும். பன்னெண்டாங்கிளாஸ் ஃபிசிக்ஸ். நான் எஞ்சினியர். அவ்வ்வ்வ்.

நான் திருக்கச் சொன்ன இரும்புக் கம்பி கழுத்தோட வளைவைச் சரி பண்றதுக்காம், உசரத்துக்கு இல்லையாம். அதையும் பழைய நிலைக்குக் கொண்டு வந்தாரு. நட்டு பள்ளங்களை ராவினாரு. கீழே பிரிட்ஜ்ல இருக்கிற சாடிலைக் கழட்டி அடிப்பக்கம் தேய்ச்சாரு. பன்னெண்டாவது ஃப்ரெட்ல ஒரு மிமீ குறையணும்னா இங்கே ரெண்டு மிமீ தேய்க்கணுமாம். பன்னெண்டு நம்பர் கம்பியை எடுத்துட்டு மெல்லிசா பத்து நம்பர் போட்டாரு. கடையை விட்டு இறங்கினதும் படியிலேயே நின்னு, அந்த தீபாவளி வீடியோவைப் போட்டு டியூனர் ஆப்புக்குக் காட்டினேன். எஃப் வர்ற ஒவ்வொரு எடத்துலயும் முள்ளு மேலேதான் தாண்டுது. அப்பா காது சொன்னது அட்சர சுத்தம். தப்பு எங்கேருந்து வருதுங்கிறதை மட்டும்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரு. அதுக்கும் நானே எடுத்துக் குடுத்தேன், 'விரலுக்கு பலம் வரணும்'னு.

பொங்கலுக்கு கிடாரைக் கொண்டு போய் ஹால் மூலையில சாத்தி வெச்சுட்டு ஒண்ணும் சொல்லாம இருந்தேன். போகிக்கு அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாரு. பொங்கல் அன்னிக்கு சாப்பிட்டுப் படுத்தாச்சு. மாட்டுப் பொங்கல் மத்தியானம் நான் தூங்கிட்டு இருந்தப்போ ஹால்ல கம்பி கூட்டற சத்தம். அப்படியே கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தேன். ஒரு சி. ஒரு ஜி. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் எஃப்.

ஆறு கம்பியும் பேசுச்சு.

திரும்ப ஒரு தடவை. திரும்ப ஒரு தடவை. அப்புறம் ரூம் வாசல்ல வந்து நின்னாரு.

"என்னடா பண்ணின இதை?"

ஸ்கேலு, நட்டு, சாடில், 15 சென்ட், என் குக்கர் ஷாப்பிங் எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையாக் கேட்டாரு.

"அப்ப கை இல்லையா?"

"பாதி கிடாருப்பா."

"மீதி?"

"மீதி வயசுதான்."

சிரிச்சாரு. தீபாவளிக்கு அப்புறம் என்கிட்ட அவர் சிரிச்சது அன்னிக்குத்தான். "அது பரவால்ல, அது நம்மளோடது"ன்னுட்டு ஹாலுக்குப் போனாரு. சாயங்காலம் விளக்கு வைக்கிற வரைக்கும் சி, ஜி, எஃப், திரும்ப சி. வேற ஒண்ணுமே வாசிக்கல. அம்மா ரெண்டு தடவை காபி கொண்டு போய் வெச்சுட்டு வந்தாங்க. ஒண்ணு ஆறிப் போயிருந்துச்சு.

அதுக்கப்புறம் கிடாரைப் பத்தி நான் கேக்கறதில்ல, அவரும் சொல்றதில்ல. போன் பேசும்போது சில நாள் அம்மா குரலுக்குப் பின்னாடி கேக்கும். ரெண்டாவது நிலாவோட ஆரம்பம், பாதி வேகத்துல. ஒரே எடத்துல நிக்கும், திரும்ப முதல்லேருந்து வரும். கொஞ்சம் சத்தமாப் பேசும்மா, கேக்கலைன்னு நான் சொல்றதில்ல.

சித்திரை பொறந்தப்புறம் ஒரு நாள் ஆபீஸ் மீட்டிங் நடுவுல அப்பா போன். பதறிப்போய் வெளியே வந்து எடுத்தேன்.

"டேய், இந்தப் பத்து நம்பர் கம்பி ரொம்ப தொளதொளன்னு இருக்கு. அழுத்தினா நழுவுது. அடுத்த தடவை வர்றப்ப பதினொண்ணு வாங்கிட்டு வா."

"சரிப்பா."

"போனை உன் பைக்குள்ள வெச்சுட்டு வா."

ரெண்டு செட் வாங்கி வெச்சிருக்கேன்.